ஹவாய்க்காரர் மிஷனரிகளைக் குறை சொல்லிவிட்டு ஏன் சர்ச்சுக்கும் போகிறார்?

உங்களோடு வேலை பார்க்கும் ஹவாய் பூர்வகுடி நண்பர், "மிஷனரிகள் வந்துதான் எங்கள் பண்பாடு போச்சு" என்கிறார். அவரே ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய் ஹவாய் மொழியில் பாடுகிறார். இது எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நண்பரைப் பற்றியது மாதிரி இருந்தாலும், மிஷனரிகள் அந்த மக்களுக்குச் செய்தது நல்லதா கெட்டதா என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லை. ஆனால் எதை யார் செய்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியும். அப்படிப் பிரித்துப் பார்த்தால் உங்கள் நண்பரிடம் முரண்பாடே இல்லை என்பது புரியும்.

நான் இந்த விஷயத்துக்கு வந்தது யாழ்ப்பாணம் வழியாக. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறிய அமெரிக்க மிஷனரிகளை அனுப்பியதும், 1820இல் ஹவாய்க்கு அனுப்பியதும் பாஸ்டனில் இருந்த ஒரே வாரியம்தான். வட்டுக்கோட்டை செமினரி பற்றி அந்த வாரியத்தின் பழைய அறிக்கைகளைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, அதே தொகுதிகளில் 'சாண்ட்விச் தீவுகள்' என்ற தலைப்பில் ஹவாய்க் கடிதங்களும் கிடக்கும். அவற்றைப் படிக்க ஆரம்பித்து, பிறகு விட முடியவில்லை; வருடங்கள் ஓடிவிட்டன. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஹவாய் மொழியை நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பேன். அந்த மக்களே எழுதியதில் பெரும்பகுதியை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத ஒரு செய்தி. ஹவாயின் பழைய மதத்தை உடைத்தது மிஷனரிகள் இல்லை. அவர்களுடைய கப்பல் வந்து சேர்வதற்குச் சில மாதங்கள் முன்பே ஹவாய்க்காரர்களே அதை உடைத்துவிட்டார்கள். அங்கே சமூகம் முழுவதையும் கட்டி வைத்திருந்தது 'கப்பு' என்கிற விலக்கு முறை. ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. பன்றி இறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகள் இவையெல்லாம் பெண்களுக்கு விலக்கு. மீறினால் உயிரே போகலாம். தீவுகளை ஒரே அரசாக்கிய முதலாம் கமேஹமேஹா 1819 மே மாதம் இறந்தார். அவருடைய மனைவியரில் மிகுந்த செல்வாக்கு உள்ளவர் காஅஹுமானு. புது அரசர் லிஹோலிஹோவோடு சேர்ந்து தானும் ஆள்வதாக அவர் அறிவித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு விருந்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, லிஹோலிஹோ பெண்களின் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். தலைமைப் பூசாரி ஹெவாஹெவாவே அரசர் பக்கம் நின்றார். கோயில்களை இடிக்கவும் தெய்வ உருவங்களை எரிக்கவும் ஆணை போனது. பழைய முறைக்காக எழுந்த அரச உறவினர் கெகுவாஒகலனி டிசம்பரில் குவாமோஒ என்ற இடத்தில் போரில் விழுந்தார், பக்கத்தில் நின்று சண்டையிட்ட அவர் மனைவி மனோனோவும் விழுந்தார்.

ஏன் உடைத்தார்கள் என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் வந்த 1778இலிருந்து நாற்பது வருடமாக வெளிநாட்டு மாலுமிகள் விலக்குகளை மீறியும் ஒன்றும் ஆகாததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். புதுப்புது நோய்களில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், தெய்வங்கள் காக்கவில்லை. அரண்மனைக்குள் அதிகாரப் போட்டியும் இருந்தது. ஒவ்வொரு ஆய்வாளரும் இதில் ஒன்றை முன்னால் வைக்கிறார். என் மனதுக்கு காஅஹுமானுவின் அரசியல்தான் முதலில் தெரிகிறது, ஏனென்றால் அடுத்த பன்னிரண்டு வருடக் கதையிலும் அவர்தான் நடுவில் நிற்கிறார்.

மிஷனரிகள் வந்ததற்கும் ஒரு ஹவாய்க்காரர்தான் காரணம். ஓபுகஹாயா என்ற இளைஞர், உள்நாட்டுப் போரில் பெற்றோரைப் பறிகொடுத்தவர், கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்ப் படித்து, கிறிஸ்தவரானார். ஊருக்குத் திரும்பிப் போதிக்க வேண்டும் என்ற கனவோடு 1818இல் கனெக்டிகட்டில் காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பு அச்சாகி, அதைப் படித்து உருகியவர்கள்தான் ஹைரம் பிங்கம், ஏசா தர்ஸ்டன் தலைமையில் தாடியஸ் என்ற கப்பலில் புறப்பட்டார்கள். கூடவே நான்கு ஹவாய் இளைஞர்களும் இருந்தார்கள். 1820 ஏப்ரல் தொடக்கத்தில், கரையிறங்குவதற்கு முன்பே நடந்த ஒரு காட்சி என் மனதை விட்டுப் போவதில்லை. மறைந்த அரசரின் மனைவியரில் ஒருவரான கலாகுவா கப்பலுக்கு வந்து, ஒரு சுருள் வெள்ளைத் துணியைக் கொடுத்து, உங்கள் பெண்கள் போட்டிருப்பது மாதிரியே எனக்கும் ஒரு கவுன் தைத்துத் தாருங்கள், அரசரைப் பார்ப்பதற்கு முன்னால் வேண்டும் என்கிறார். அன்று ஞாயிற்றுக்கிழமை, இன்று தைக்க மாட்டோம் என்கிறார்கள் மிஷனரிப் பெண்கள். மறுநாள் காலை தளத்திலேயே பாய் விரித்து, அரச குலப் பெண்களையும் உட்கார வைத்து ஊசி நூல் கொடுத்துத் தைக்க ஆரம்பிக்கிறார்கள். அரைகுறை ஆடையில் இருந்தவர்களுக்கு மிஷனரிகள் கவுனை மாட்டிவிட்டார்கள் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். மரப்பட்டையை அடித்து அடித்துச் செய்யும் அந்த அழகான 'கப்பா' துணி காலப்போக்கில் வழக்கொழிந்தது உண்மைதான். ஆனால் முதல் கவுனைக் கேட்டு வாங்கியவர் கலாகுவா.

இதே மாதிரிதான் எழுத்தும். 1822 ஜனவரியில் ஹொனலுலுவில் முதல் அச்சு ஓடியது. கெஎயவுமொகு என்ற தலைவர் கைப்பிடியை இழுத்தார். எழுத்தை எப்படி அமைப்பது என்பதில் மிஷனரிகளுக்குப் பெரிய தலைவலி. ஹவாய் வாயில் க-வும் த-வும் ஒன்றுக்கொன்று மாறி வரும், ல-வும் ர-வும் அப்படியே. கமேஹமேஹாவையே ஆரம்பத்தில் தமேஹமேஹா என்று எழுதினார்கள், ஹொனலுலுவை ஹொனொருரு என்றும் எழுதினார்கள். கம்பத்துக்கும் தங்கத்துக்கும் ஒரே க-வை வைத்துக்கொண்டு எந்தக் குழப்பமும் இல்லாமல் வாழும் நமக்கு இது எளிதாகப் புரியும். 1826இல் வாக்கெடுத்து, மிகையான எழுத்துகளைக் கழித்து, ஐந்து உயிர், ஏழு மெய், மொத்தம் பன்னிரண்டு எழுத்தில் முடித்தார்கள். நல்ல வேலை, ஆனால் ஒரு குறை விட்டார்கள். தொண்டையில் ஒரு நொடி நிறுத்தி எழுப்பும் ஒலியையும் உயிர் நெடிலையும் ஒழுங்காகக் குறிக்கவில்லை. 'பவ்' என்றால் முடிந்தது; நடுவில் நிறுத்தி 'பஉ' என்றால் கரி; நெடிலாக்கி 'பாஊ' என்றால் பெண்கள் இடுப்பில் சுற்றும் உடை; பழைய அச்சில் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். தாய்மொழிக்காரருக்கு அது பாதகமில்லை, இடம் பார்த்துப் படித்துக்கொள்வார். பேச்சு அறுந்துபோன தலைமுறைக்குத்தான் பின்னால் இது கஷ்டமானது.

முதலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், பிறகு ஜனங்களுக்கு என்றார்கள் தலைவர்கள். அப்புறம் தீவு தீவாக ஆணை போனது. 1830களின் தொடக்கத்தில் பள்ளிகளில் 50,000க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெரியவர்கள், கணவனும் மனைவியும் பாட்டியும் தாத்தாவுமாக உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஹவாய்க்காரர்களே. சில டஜன் மிஷனரிகளால் அத்தனை பேருக்குக் கற்பித்திருக்க முடியாது. அவர்கள் அரிச்சுவடிக்குப் பெயர் 'பீஆபா'. பி, ஏ, பா என்று எழுத்துக் கூட்டிச் சொல்வதிலிருந்து வந்த பெயர். 1831இல் லஹைனாலுனா செமினரி, 1834இல் அங்கிருந்தே முதல் செய்தித்தாள், 1839இல் முழு வேதாகமம். நம் பக்கம் வட்டுக்கோட்டை செமினரி 1823, உதயதாரகை பத்திரிகை 1841. இரண்டு இடத்திலும் ஒரே கை எழுதிய திட்டம் மாதிரி இருக்கும். பெரிய வித்தியாசம் என்னவென்றால், யாழ்ப்பாணத்தில் அவர்கள் வந்தபோது ஏட்டுச் சுவடியும் இலக்கணமும் வாதாடப் பண்டிதர்களும் இருந்தார்கள். ஹவாயில் அத்தனையும் மனிதர்களின் நினைவில் இருந்தது. ஒரு கிழவர் இறந்தால் ஒரு வம்சாவளிப் பாட்டும் கூடவே போனது.

சரி, கெடுதல் எங்கே? என் பார்வையில் அது வெட்கத்தில் தொடங்குகிறது. பத்துக் கட்டளையில் விபசாரத்துக்கு ஹவாய் மொழியில் நேர்ச்சொல் இல்லாமல் மிஷனரிகள் கடைசியில் 'மோஎ கொலொஹே' என்று போட்டார்கள். குறும்பாகப் படுப்பது என்று அர்த்தம். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அதன் பின்னால் வந்தது தண்டனைச் சட்டம். உடம்பு, உறவு, ஆட்டம், நேற்றுவரை வாழ்க்கையாக இருந்தது எல்லாம் இன்று பாவம் என்று ஆனது. பிங்கம் தன் நினைவுக் குறிப்பில், முதன்முதலில் பார்த்த ஜனங்களைப் பற்றி, இவர்கள் மனிதர்கள்தானா என்று கேட்கிற அளவுக்கு எழுதுகிறார். அந்தப் பார்வையோடு ஒருவர் உங்கள் குழந்தைக்குப் பாடம் எடுத்தால், எழுத்தோடு சேர்த்து அதுவும்தான் உள்ளே இறங்கும்.

ஹுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது வெறும் ஆட்டம் இல்லை. வம்சாவளி, மலை, மழை, தெய்வம் எல்லாம் ஏறிய பாட்டின் உடம்பு. 1825இல் ஞானஸ்நானம் பெற்ற காஅஹுமானு 1830இல் பொது இடத்தில் ஹுலாவைத் தடை செய்தார். மிஷனரிகள் தூண்டினார்கள், ஆணை அவருடையது. 1832இல் அவர் இறந்த பிறகு தடை தளர்ந்தது, 1859இல் உரிமம் வாங்கித்தான் ஆட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஊர்ப்புறங்களில் ஆசான்கள் ஓசைப்படாமல் சொல்லிக்கொடுத்துக் காப்பாற்றினார்கள். 1883இல் அரசர் கலாகவுவா தன் முடிசூட்டு விழாவில் ஊரறிய ஹுலா ஆட வைத்தபோது, நிகழ்ச்சி நிரலில் இருந்த பாட்டு வரிகள் ஆபாசம் என்று அதை அச்சடித்தவர் மேல் வழக்கே போட்டார்கள். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் எத்தனை பாட்டு, எத்தனை அடவு போயிருக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது, அதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

இந்த வெட்கம் ஒரு ஆளைக் கொன்றது என்று சொன்னால் மிகை என்று நினைக்காதீர்கள். நாஹிஎனாஎனா, கமேஹமேஹாவின் மகள், 1815இல் பிறந்தவர். அவருடைய தாய் கெஓபூஒலனி இறக்கும் தறுவாயில், 1823இல், ஞானஸ்நானம் பெற்றவர். மகளை லஹைனாவில் மிஷனரி வில்லியம் ரிச்சர்ட்ஸின் பொறுப்பில் விட்டார். அதே காலத்தில் ஜனங்கள் அந்தச் சிறுமிக்காக ஒரு பாஊ செய்தார்கள், பறவையின் மஞ்சள் இறகுகளை ஒவ்வொன்றாக வலையில் கட்டிய உடை, இருபது அடி நீளம். அதை மரபுப்படி மார்பு மூடாமல் இடுப்பில் சுற்றிக்கொள்வதா, கிறிஸ்தவப் பெண்ணாகக் கவுனுக்கு மேல் போட்டுக்கொள்வதா என்பதே பெரிய பிரச்சினையாகி அவர் அழுதிருக்கிறார். அப்போது அவருக்கு வயது பத்துதான். உயர்குலத்தில் அண்ணன் தங்கை மணப்பது பழைய ஹவாயில் மிக உயர்ந்த உறவு, அதில் பிறக்கும் குழந்தைக்கு நிகரான அந்தஸ்து வேறு எதற்கும் இல்லை. தலைவர்கள் இவரை அண்ணன் மூன்றாம் கமேஹமேஹாவுக்கே மணமுடிக்க நினைத்தார்கள், இருவருக்கும் விருப்பமும் இருந்தது. மிஷனரிகளுக்கு அது பேசவே கூசும் பாவம். தேவாலயத்துக்கும் அண்ணனுக்கும் நடுவில் அலைக்கழிந்து, சபையிலிருந்து விலக்கப்பட்டு, 1836இல் பிறந்த குழந்தையைச் சில மணி நேரத்தில் பறிகொடுத்து, அந்த ஆண்டு கடைசியில் 21 வயதில் அவர் இறந்துபோனார். அந்த இறகு உடையைப் பிறகு அரச குடும்பத்தாரின் சவப்பெட்டிகள் மேல் போர்த்தினார்கள். இப்போது ஹொனலுலுவில் பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அன்றைய துறைமுகங்களில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்து நின்றால் பெண்கள் கப்பலுக்குப் போவது வழக்கமாக இருந்தது, நோயும் அந்த வழியில்தான் பரவியது. தலைவர்கள் அதைத் தடுத்தபோது மாலுமிகள் கோபப்பட்டது மிஷனரிகள் மேல்; 1825இல் லஹைனாவில் ரிச்சர்ட்ஸின் வீட்டையே சூழ்ந்து மிரட்டினார்கள், 1827இல் ஒரு கப்பலிலிருந்து அவர் வீட்டுப் பக்கம் பீரங்கியால் சுட்டார்கள். மிஷனரிகள் அசையவில்லை. வெளிநாட்டவரில் தங்கள் பக்கம் நிற்கக் கூடியவர்கள் இவர்கள்தான் என்று தலைவர்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது.

மக்கள் தொகை சரிந்ததையும் மிஷனரிகள் தலையில் கட்ட முடியாது. குக் வந்தபோது எத்தனை பேர் இருந்தார்கள் என்பது உறுதியில்லை. இரண்டு லட்சத்திலிருந்து எட்டு லட்சம் வரை மதிப்பிடுகிறார்கள். ஆனால் மிஷனரிகளே 1830களின் தொடக்கத்தில் எண்ணியபோது சுமார் 1,30,000. 1853 கணக்கெடுப்பில் பூர்வகுடிகள் 70,000 சொச்சம். தட்டம்மை, கக்குவான், 1853இல் பெரியம்மை. கப்பல்கள் கொண்டுவந்த சாவு இது. இதில் மிஷனரிகளின் பங்கு, சாவைப் பாவத்தின் சம்பளமாக விளக்கியதில் இருக்கிறது என்பேன். நெருங்கியவர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது, இது உங்கள் தப்பால்தான் என்று கேட்பது எப்படி இருந்திருக்கும்?

அடுத்தது நிலம். இங்கே வந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பேரன்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ரிச்சர்ட்ஸ், மருத்துவர் ஜட் போன்றவர்கள் மிஷனை விட்டு அரசருக்கு ஆலோசகரானார்கள். 1840இல் அரசியலமைப்பு வந்தது, 1848இல் நிலம் தனிச்சொத்தாகப் பிரிக்கப்பட்டது, 1850இல் வெளிநாட்டவரும் நிலம் வாங்கலாம் என்றானது. வல்லரசுகள் விழுங்கிவிடாமல் நாட்டைச் சட்டத்தால் காப்பாற்றலாம் என்று நம்பித்தான் செய்தார்கள் என்று நான் நினைக்கிறேன். விளைவு வேறு: சாதாரண உழவர்களுக்குக் கிடைத்தது மொத்த நிலத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பாஸ்டன் வாரியம் பண உதவியைக் குறைத்துக்கொண்டதும் பல மிஷனரிக் குடும்பங்கள் நிலம் வாங்கி அங்கேயே தங்கிவிட்டன. பின்னாளில் தீவின் சர்க்கரைப் பொருளாதாரத்தைக் கையில் வைத்திருந்த ஐந்து பெரிய கம்பெனிகளில் இரண்டு, காசில் அண்ட் குக், அலெக்ஸாண்டர் அண்ட் பால்ட்வின், மிஷன் வீட்டிலிருந்து வந்தவர்கள் தொடங்கியவை.

இதையெல்லாம் முன்கூட்டிப் பார்த்தவர் மிஷனின் சொந்த மாணவர். டேவிட் மாலோ, லஹைனாலுனாவின் முதல் மாணவர் அணியில் படித்தவர், பிற்பாடு போதகரானவர். பழைய ஹவாயின் வழக்கங்களை அவர் எழுதி வைத்ததால்தான் இன்று நமக்குப் பாதி விஷயம் தெரிகிறது. 1837இலேயே அவர் எழுதினார்: பெரிய அலை வந்தால் ஆழ்கடலிலிருந்து பார்த்தறியாத பெரிய மீன்கள் வரும், கரையோரச் சின்ன மீன்களைக் கண்டால் தின்றுவிடும் என்று. 1853இல் சாகும்போது, அந்நியர் வெள்ளம் எட்டாத உயரத்தில் புதையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். லஹைனாலுனாவுக்கு மேலே மலையில்தான் அவரைப் புதைத்தார்கள்.

1893 ஜனவரியில் அரசி லிலிஉஒகலனியைக் கவிழ்த்த கூட்டத்தின் முன்னணியில் இருந்தவர் லோரின் தர்ஸ்டன், தாடியஸில் வந்த ஏசா தர்ஸ்டனின் பேரன். அதன் பிறகு அதிபரான சான்ஃபர்ட் டோல் ஒரு மிஷனரியின் மகன். அரசியோ மிஷனரிப் பள்ளியில் படித்த, வேதாகமம் கரைத்துக் குடித்த கிறிஸ்தவர். சிறை வைக்கப்பட்டபோது தன்னைச் சிறைப்படுத்தியவர்களை மன்னிக்கும்படி ஜெபப் பாட்டு எழுதியவர். கவிழ்த்தவர்கள் பக்கம் நின்ற சபையை விட்டு அவர் 1896இல் ஆங்கிலிக்கன் சபைக்குப் போனார், கிறிஸ்துவை விட்டுப் போகவில்லை. அதே 1896இல் புதிய அரசு, பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்று மொழி என்று சட்டம் போட்டது. ஹவாய் மொழியில் பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் அந்த மொழி பேசும் சிறுவர்கள் 50 பேர்கூட இல்லை என்ற நிலை வந்தது. ஆக, மொழியை எழுத்தில் ஏற்றியவர்கள் தாத்தாக்கள், பள்ளியை விட்டுத் துரத்தியது பேரன்களின் அரசு. இதை ஒரே 'மிஷனரிகள்' என்ற சொல்லில் போட்டு மூடும்போதுதான் வாதம் குழம்புகிறது. உங்கள் நண்பர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது பெரும்பாலும் பேரன்களையும் சேர்த்தே சொல்கிறார். அங்கே பேச்சு வழக்கில் அப்படித்தான்.

1983, 84இல் பெற்றோர்கள் சேர்ந்து ஹவாய் மொழியில் மட்டுமே பேசும் மழலையர் பள்ளிகளைத் தொடங்கியபோது அவர்களுக்குக் கைகொடுத்தது பழைய அச்சுத் தாள்கள். 1834இலிருந்து 1948 வரை வந்த சுமார் நூறு செய்தித்தாள்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். அதில் பிரசங்கம் மட்டுமில்லை, மிஷனரிகள் முகம் சுளித்த பழைய தெய்வக் கதைகளும் பாட்டுகளும் தொடர் தொடராக இருக்கின்றன. எழுத்து கைக்கு வந்த பிறகு அதில் எதை எழுதுவது என்று ஹவாய்க்காரர்களே முடிவு செய்தார்கள். உங்கள் நண்பர் பாடும் பாட்டும் அந்த மாதிரிதான். தடையும் அடியும் நடந்த அத்தனை வருடமும் அவர் மொழி வெளிப்படையாக ஒலித்த மிகச் சில இடங்களில் ஒன்று சர்ச்.

கடைசியாக ஒரு விஷயம், அவரிடம் பேசும்போது கேட்டுப் பாருங்கள். 1897இல், எங்கள் நாட்டை அமெரிக்காவோடு இணைக்காதீர்கள் என்று பூர்வகுடிகள் தீவு தீவாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள், ஆண்கள் தனித் தாளில், பெண்கள் தனித் தாளில். 21,000க்கு மேல் கையெழுத்து. அப்போது பூர்வகுடிகள் மொத்தமே ஏறக்குறைய 40,000 பேர். இணைப்பு ஒப்பந்தம் செனட்டில் நிறைவேறவில்லை; 1898இல் வேறு வழியில் கூட்டுத் தீர்மானம் போட்டு இணைத்துக்கொண்டார்கள், அது வேறு கதை. அந்தத் தாள்கள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பல குடும்பங்கள் தங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரை அதில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உங்கள் நண்பர் வீட்டில் தேடினார்களா என்று கேளுங்கள்.